ஹெரால்டுக்கு ஸ்வே பார்: மதுரையில் நாமே பூட்டும் முறை

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் வண்டியின் அழகைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். வளைவில் எப்படிப் போகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இத்தாலியின் மிக்கேலொட்டி வரைந்த உடம்பு, சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் செய்த வண்டி, 948 சிசி என்ஜின், தெருவுக்குள்ளேயே திரும்பிவிடும் ஸ்டீயரிங் எல்லாம் சரிதான். ஆனால் ரிங் ரோட்டில் கொஞ்சம் வேகமாக ஒரு வளைவை எடுத்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். பின்சக்கரம் என்ன செய்யப் போகிறதோ என்று வயிற்றில் ஒரு பயம் வரும். அதற்கு மருந்தாகத்தான் பலரும் தடிமனான ஸ்வே பார் கிட் தேடுகிறார்கள். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஸ்டெபிலைசர் ராடு என்பார்கள், புத்தகங்களில் ஆண்டி ரோல் பார். எல்லாம் ஒன்றுதான்.

கிட் வாங்கி, ஒரு சனி ஞாயிறில் வீட்டு வாசலிலேயே பூட்டிவிடக்கூடிய வேலை இது. வெல்டிங் வேண்டாம், லேத் வேண்டாம். எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பார் என்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் நாலைந்து வேலை முடிந்திருக்க வேண்டும். அவை முடியாமல் பாரை மட்டும் மாட்டினால் பழைய கோளாறு அப்படியே இருக்கும், தட்டுகிற சத்தம்தான் புதிதாகச் சேரும்.

இந்தக் கம்பி என்ன செய்கிறது

வண்டியின் குறுக்கே ஓடும் ஒரு ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி இரண்டு ரப்பர் புஷ்களில் சேஸோடு பிடித்திருக்கும். இரண்டு முனைகளும் பின்பக்கம் மடங்கி, ஒவ்வொரு பக்கத்து லோயர் ஆர்மோடும் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் சேஸோடு இணைக்கும் கை) ஒரு லிங்க் மூலம் சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், எந்த எதிர்ப்பும் காட்டாது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கினால்தான் கம்பி முறுக்கிக்கொள்ளும். வளைவில் வண்டி சாயும்போது நடப்பது அதுதான். அந்த முறுக்கம் சாய்வைத் தடுக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. சாய்வைத் தடுக்கும்போது, உள்பக்கச் சக்கரத்தின் மேல் இருந்த பாரத்தில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுகிறது. எந்த ஆக்ஸிலில் பாரை தடிமனாக்குகிறோமோ அந்த ஆக்ஸிலின் மொத்தப் பிடி கொஞ்சம் குறையும். முன்னால் தடித்தால், எல்லை மீறும்போது முன்பக்கம் அகலமாக வெளியே போகும். பின்னால் தடித்தால் பின்பக்கம் முதலில் வழுக்கும்.

ஹெரால்டில் பின்னால் தனி பார் போடவே கூடாது. பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது நடுவில் மட்டும் மடங்கி, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் ஆக்ஸில்; மேலே குறுக்கே ஒரு லீஃப் பட்டை. வேகமாக வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் வண்டியின் பின்பகுதியைத் தூக்கிக்கொண்டு உள்ளே மடங்கப் பார்க்கும். அந்த இடத்தில் விறைப்பைக் கூட்டுவது ஆபத்தைக் கூட்டுவது. ஹெரால்டை முதலில் வடிவமைத்த டிரையம்ஃப் கம்பெனி இங்கிலாந்தில் 1970-ல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 காரில் இதைச் சரிசெய்தபோது பின்பக்க லீஃப் பட்டையின் பெரும்பாலான பிளேடுகளைச் சாய்வின்போது தன் போக்கில் அசையவிட்டது. அதாவது பின்பக்க விறைப்பைக் குறைத்து, முன்பக்க பாரைத் தடிமனாக்கியது. நாம் போகிற வழியும் அதுவே. உங்களிடம் இருப்பது ஹெரால்டு இல்லை, 1972-க்குப் பிறகு வந்த அதன் வாரிசான கெஸல் என்றால் பின்னால் ஸ்விங் ஆக்ஸிலுக்குப் பதில் நேரான ஆக்ஸில். அந்த பயம் பாதி குறையும். அங்கேயும் முன்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எவ்வளவு தடிமன்

கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 17.5 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 22 போட்டால், பார்ப்பதற்கு நாலரை மில்லிதான் வித்தியாசம், விறைப்பு இரண்டரை மடங்கு. 25 போட்டால் நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே "கொஞ்சம் தடியா இருக்கட்டும்" என்று சொல்லி வாங்குகிற பொருள் இல்லை இது. உங்கள் வண்டியில் இருக்கிற கம்பியை வெர்னியர் வைத்து அளந்த பிறகே ஆர்டர் போடுங்கள். பெயிண்ட், துரு, சேறு எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும்.

என் கருத்து: மதுரை ரோட்டுக்கு 22 மில்லி தாராளம். காரணம் வேகத்தடை. தடை ரோட்டின் முழு அகலத்துக்கும் இருந்தால் பிரச்சினை இல்லை, இரு சக்கரமும் சேர்ந்தே ஏறும். ஆனால் பாதி தேய்ந்த தடை, ஒரு பக்கம் மட்டும் தோண்டி மூடிய பாதாளச் சாக்கடைப் பள்ளம், தார் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்குவது, இதெல்லாம் ஒரு சக்கரத்தை மட்டும் அசைக்கும். தடித்த பார் அந்த அசைவை மறுபக்கத்துக்கும் கொண்டுபோகும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தலை இடதும் வலதுமாக ஆடும். 25 போட்ட வண்டியில் செல்லூரிலிருந்து அரசரடி வரை போய்ப் பார்த்தால் புரியும்.

இன்னொரு ஆலோசனை நிச்சயம் வரும்: "எதுக்கு வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறீங்க, லீஃப் பட்டறையில ஒரு ராடு வளைச்சுக் குடுத்துருவாங்க." கேட்காதீர்கள். ஸ்பிரிங் எஃகை வளைத்த பிறகு சரியான வெப்பத்தில் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். உலைத்தீயில் கண் மதிப்பில் வளைத்த கம்பி ஒன்று வளைந்தே போகும், அல்லது ஒருநாள் சொல்லாமல் ஒடியும். அதே காரணத்தால், வாங்கிய கம்பியின் மேல் எதையும் வெல்டிங் வைக்கவும் கூடாது. கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி "கொஞ்சம் நிமிர்த்துகிற" வேலையும் வேண்டாம்.

முதலில் முடிக்க வேண்டியவை

இந்த ஊரில் பழைய ஹெரால்டுகளைப் பார்த்து வளர்ந்த ஒரு பெரியவர் என் வண்டியைச் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ராடு போடுறது அப்புறம். மொதல்ல கீழ புஷ்ஷு இருக்கா இல்லையான்னு பாருங்க." அந்த வரிசை சரியானது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங், மேல் பால் ஜாயிண்ட், கீழ் ட்ரன்னியன், இந்த மூன்றில் ஒன்று. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க மறுபடி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் பேரிங், போகாவிட்டால் மற்ற இரண்டு.

அந்த ட்ரன்னியனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் நெடுக்குத் தண்டின் அடி, மரை வெட்டி, ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு விட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில். சர்வீஸ் ஸ்டேஷனில் நிப்பிள் என்று எதைப் பார்த்தாலும் கிரீஸ் கன்னை வைத்து அமுக்கிவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காது, காய்ந்து கட்டியாகி வழியை அடைத்துவிடும், உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும். பிறகு ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கும். நல்ல டயரும் தடித்த பாரும் போட்டால் வளைவில் இந்தத் தண்டின் மேல் விழும் பளு கூடும். ஆகவே பழைய கிரீஸை எல்லாம் கழுவி எடுத்து, ஆயில் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. ஆயில் ஏறாவிட்டால் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

அதன் பிறகு லோயர் ஆர்ம் புஷ்கள். ரப்பர் வெடித்து, உள் இரும்புக்குழாய் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் மாற்றுங்கள். ஷாக்கப்பில் எண்ணெய் கசிவு இருக்கிறதா பாருங்கள். பின்பக்க லீஃப் பட்டை தொங்கிப்போயிருந்தாலோ, எதிர்மாறாக யாரோ கூடுதல் பிளேட் சேர்த்துத் தூக்கிவிட்டிருந்தாலோ அதைச் சரிசெய்ய வேண்டும். தூக்கிய ஹெரால்டின் பின்சக்கரங்கள் கீழ்ப்பக்கம் உள்வாங்கி நிற்கும். ஸ்விங் ஆக்ஸிலுக்கு அதைவிட மோசமான நிலை இல்லை. டயரில் காற்று முன்னால் குறைவாகவும் பின்னால் கூடுதலாகவும் இருக்க வேண்டிய வண்டி இது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு காற்று அடித்துக்கொண்டிருப்பவர்கள் அதை மாற்றிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இதெல்லாம் முடிந்ததும் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

கிட் வந்ததும்

பெட்டியில் கம்பி, இரண்டு டி வடிவ புஷ், அவற்றுக்கான யு போல்ட் அல்லது கிளாம்ப், இரண்டு லிங்க், நட்டு வாஷர்கள் இருக்கும். கம்பியை வீட்டுத் தரையில், டைல்ஸ் அல்லது கிரானைட் போட்ட இடத்தில் படுக்க வையுங்கள். இரண்டு முனையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று தூக்கி நின்றால் கம்பி முறுக்கிய நிலையில் வளைக்கப்பட்டிருக்கிறது, அல்லது வரும் வழியில் அடிபட்டிருக்கிறது. இரண்டு மூன்று மில்லி வரை லிங்க்கில் சரிக்கட்டலாம். அதற்கு மேல் என்றால் திருப்பி அனுப்புவதே சரி. பழைய கம்பியைக் கழற்றியதும் பக்கத்தில் வைத்து, வளைவுகள் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

புஷ் ரப்பரா பாலியூரித்தேனா என்று தெரிந்துகொள்ளுங்கள், தடவ வேண்டியது அதைப் பொறுத்தது. பாலியூரித்தேனுக்கு சிலிகான் கிரீஸ். தடவாமல் மாட்டினால் ஒரு மாதத்தில் கிறீச்சிட ஆரம்பிக்கும். ரப்பருக்கு சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண வீல் பேரிங் கிரீஸை ரப்பரில் தடவினால் ரப்பர் ஊதி இளகிவிடும். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், கோவில் விசேஷத்துக்கும் ஞாயிறு காலைக்கும் எடுக்கிற வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். சத்தம் குறைவு, சேஸுக்குப் போகும் அதிர்வும் குறைவு. கிட்டில் வந்த புஷ் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்றால் மதுரையில் கவலை இல்லை. கோச்சடையில் ஃபென்னர் பெல்ட்டும் டி.வி.எஸ். குழுமத்தின் ரப்பர் பொருட்களும் செய்து பழகிய ஊர் இது. கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் அச்சு வைத்து ரப்பர் வார்ப்பவர்களைக் கண்டுபிடிக்கலாம்.

போல்ட் தலைகளைப் பாருங்கள். மில்லிமீட்டர் போல்ட் என்றால் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாத போல்ட்டை வீட்டுக் கேட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல். ஹெரால்டு அங்குல வண்டி. அதன் போல்ட்டுகள் யு.என்.எஃப். என்ற அங்குல மரை. நம் வீட்டில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் ஸ்பானர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லி, அதனால் 13 ஸ்பானர் லொடலொடவென்று பிடிக்கும். 9/16 என்பது 14.3 மில்லி, 14 ஏறாது, 15 தலையை உருட்டிவிடும். 3/4 மட்டும் 19-க்குச் சரியாக உட்காரும். ஆகவே 7/16, 1/2, 9/16 மூன்றுக்கும் அங்குல ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் வாங்கிவிடுங்கள். ஒருமுறை செலவு, வண்டி இருக்கும்வரை உதவும். அதேபோல, 5/16 நட்டு தொலைந்துபோனால் 8 மில்லி நட்டைப் போட்டு இறுக்காதீர்கள். ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் மரை பிய்யும்.

கழற்றுதல்

வேலைக்கு முந்தின இரவே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு அடித்தால்தான் உள்ளே இறங்கும்.

காலையில் சீக்கிரம் தொடங்குங்கள். சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் மதுரைத் தரையில் முதுகு வைக்க முடியாது. சிமெண்ட் தரையாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டு புதையும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு முன்பக்கத்தைத் தூக்குங்கள். ஸ்டாண்டுகள் சேஸ் சட்டத்துக்கு அடியில், இரு பக்கமும் ஒரே உயரத்தில். செங்கல், ஹாலோ பிளாக் எதன் மேலும் வண்டியை நிறுத்தி அடியில் போகக் கூடாது. அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

இங்கேதான் ஹெரால்டு வைத்திருப்பதன் சுகம். இரண்டு பக்கத்துக் கொக்கியையும் எடுத்துவிட்டு பானட்டை முன்னால் சாய்த்தால் மட்கார்டோடு சேர்ந்து முழு மூக்கும் திறந்துவிடும். என்ஜின், ஸ்டீயரிங் ராக், லோயர் ஆர்ம் எல்லாம் கண் முன்னே. முன் டயரின் மேல் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம். கம்பி ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காக ஓடுவதைப் பார்க்கலாம்.

முதலில் லிங்க்கைக் கழற்றுங்கள், அதன் பிறகு யு போல்ட். முன்பக்கம் இரண்டும் சேர்ந்து தூக்கியிருக்கும்போது கம்பியில் முறுக்கம் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கிக்கொண்டு லிங்க்கைக் கழற்றினால், கடைசி மரை விடும்போது கம்பி துள்ளி விரலைப் பதம் பார்க்கும். நட்டோடு சேர்ந்து போல்ட்டும் சுற்றினால் லாக்கிங் பிளையர் வைத்துப் பிடியுங்கள். சேஸில் உள்ள யு போல்ட் நட்டு அசையவே இல்லை என்றால் நட்டை வெட்டி எடுப்பது நல்லது. பலம் கொண்ட மட்டும் திருகினால் போல்ட் ஒடிவதோடு துருப்பிடித்த தகடும் கிழியும்.

முந்தைய சொந்தக்காரர் யாராவது பாரையே கழற்றி எறிந்திருந்தால் சேஸில் துளைகள் மட்டும் இருக்கும். அவற்றில் சேறு அடைத்திருக்கும். குத்தி எடுங்கள்.

கம்பி கீழே வந்ததும் புஷ் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுப் பளபளப்பாக்கி, ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். மொத்தென்று சத்தம் வந்தாலோ, நுனி உள்ளே இறங்கினாலோ அங்கேயே வேலையை நிறுத்துங்கள். பாரின் விசை முழுவதும் அந்த இரண்டு இடத்தில்தான் சேஸுக்குள் போகிறது. இற்றுப்போன தகட்டில் இரண்டரை மடங்கு விறைப்பான கம்பியைத் தொங்கவிடுவது கிட்டுக்குக் கொடுத்த காசையும் சேர்த்து இழக்கிற வழி. தகடு நன்றாக இருந்தால் துருத் தடுப்பு பிரைமர் ஒரு கோட்டு, மேலே கறுப்பு ஒரு கோட்டு. வெயிலில் காய அதிக நேரம் ஆகாது.

பூட்டுதல்

புஷ்களைக் கம்பியில் ஏற்றுங்கள். டி புஷ்ஷில் ஒரு பக்கம் கீறல் இருக்கும், அதை விரித்து அப்படியே கவ்வ வைக்கலாம். முனையிலிருந்து உருட்டித் தள்ளிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. கம்பியின் சரியான நடுவை அளந்து ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஆள் இருந்தால் நல்லது. யு போல்ட்டுகளைச் செருகி, நட்டை விரலால் மட்டும் ஏற்றுங்கள். ஸ்பானரை இன்னும் தொடக்கூடாது.

இப்போது கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். டேப் ஒட்டிய நடு, ரேடியேட்டரின் நடுவோடு ஒத்துப்போகும்படி இடது வலதாகத் தள்ளி வையுங்கள். லிங்க்குகளைக் கம்பி முனையில் மாட்டி, லோயர் ஆர்மின் துளைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அவற்றையும் விரல் இறுக்கம் மட்டும்.

அடுத்து, இடைவெளி பார்ப்பது. அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற வேலை. சக்கரங்கள் தொங்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயரோ ரிம்மோ கம்பியின் கையைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஜாக்கியை ஒரு லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து சக்கரத்தை மேலே தள்ளி, அதே சோதனை. தடித்த கம்பியில் புஷ்ஷும் பெரிதாக இருக்கும், அதனால் கம்பி பழைய இடத்திலிருந்து சில மில்லி நகர்ந்திருக்கும். ரேடியேட்டரின் அடித்தொட்டி, கீழ் ஹோஸ், கிராங்க் புல்லி, பிரேக் ஹோஸ் ஒவ்வொன்றுக்கும் கம்பிக்கும் இடையே ஒரு விரல் போக வேண்டும். என்ஜின் மவுண்ட் தளர்ந்த வண்டியில் என்ஜின் அசையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இறுக்குவது தரையில்தான்

இந்த வேலையின் உயிர்நாடி இந்த ஒரு விஷயம். சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போது எதையும் கடைசியாக இறுக்கக் கூடாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் புஷ்ஷுக்கு இயல்பு என்றாகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். லிங்க் புஷ்களுக்கும் லோயர் ஆர்ம் புஷ்களுக்கும் இது பொருந்தும்.

வண்டியை அதன் சொந்த எடையில் சக்கரத்தின் மேல் நிறுத்தி, அடியிலும் கை போக வேண்டும். வழி இரண்டு. இரண்டு முன்சக்கரத்துக்கும் ஒரே தடிமனான மரக்கட்டைகளை வைத்து அதன் மேல் இறக்குவது ஒன்று. கொஞ்சம் செலவழித்தால் இன்னும் எளிது: பள்ளம் உள்ள வாட்டர் சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள். வேலை நாள் மதியத்தில் கூட்டம் இருக்காது, டீ செலவோடு அரை மணி நேரம் கொடுப்பார்கள். விரல் இறுக்கத்தில் அங்கே வரை ஓட்டிப்போகக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லிங்க்குகளைக் கழற்றி வைத்து, கம்பியின் யு போல்ட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். கம்பி முனைகளைச் சேஸோடு கட்டிவிடுங்கள்.

இறக்கியதும் முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விடுங்கள், வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் தள்ளுங்கள். அப்போதுதான் சஸ்பென்ஷன் தன் உயரத்தில் உட்காரும். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒரு ஆளை உட்காரவைத்தால் இன்னும் சரி. இப்போது ஒரு பக்கத்து லிங்க்கை மாட்டி இறுக்குங்கள். மறுபக்கத்து லிங்க்கின் போல்ட் தன் துளையில் விரலால் தள்ளினாலே நுழைய வேண்டும். கடப்பாரை கேட்கிறது என்றால் கம்பி நின்ற நிலையிலேயே முறுக்கியிருக்கிறது. நீளம் மாற்றக்கூடிய லிங்க் என்றால் சுற்றிச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வாஷர் வைத்து. இதைச் செய்யாமல் அடித்து ஏற்றினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், இடது வளைவும் வலது வளைவும் வேறு வேறாக இருக்கும்.

இறுக்கும் அளவுக்கு கிட்டோடு வந்த தாள் சொல்வதே வேதம். தாள் இல்லையென்றால் பொதுவாக 8.8 தரத்து 8 மில்லி போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் அளவு, 10 மில்லிக்கு 45 முதல் 50. இது இரும்போடு இரும்பு சேரும் இடத்துக்கு மட்டும். ரப்பரை நேரடியாக அழுத்தும் லிங்க் நட்டில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் உதவாது. ரப்பர் வாஷரின் விளிம்பு வரை லேசாகப் பிதுங்கினால் போதும், பூசணி போல் உப்பினால் அதிகம். கழற்றிய நைலாக் நட்டுகளை (உள்ளே நைலான் வளையம் உள்ளவை) மறுபடி போடாதீர்கள்.

முன்பு எழுதிவைத்த உயர அளவுகளை எடுத்து ஒப்பிடுங்கள். பார் வண்டியைத் தூக்கவோ இறக்கவோ கூடாது. ஏதாவது ஒரு மூலை மாறியிருந்தால் லிங்க்குக்குத் திரும்பிப் போங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் ஓட்டம் தெருவுக்குள்ளேயே, ஜன்னல்களை இறக்கிவிட்டு, காதைக் கொடுத்து. வேகத்தடையில் இரு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது சத்தம் இல்லாமல், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது டொக் என்றால் லிங்க் தளர்வு. மெதுவாகத் திரும்பும்போது கிறீச் என்றால் டி புஷ் காய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் உரசல் கேட்டால் டயர் கம்பியைத் தொடுகிறது. அன்றைக்கே சரிசெய்ய வேண்டும்.

அதன் பிறகு ரோடு. நத்தம் ரோட்டு மேம்பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆனால் நேர்ரோட்டில் பாரைச் சோதிக்க ஒன்றும் இல்லை, பார் அங்கே தூங்கும். விடியற்காலையில் உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வரை போய் வாருங்கள். மிதமான வளைவுகள், பார்வை தெளிவு. முன்பு எடுத்த அதே வேகத்தில் எடுங்கள். உடம்பு சாய்வது குறைந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே கேட்பது தெரியும். ஸ்டீயரிங் ஒரு துளி கனமாகவும் இருக்கும். அதற்கு அடுத்த வாரம் சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து ஏறும் 18 கொண்டை ஊசி வளைவுகளில் வேகமே வேண்டாம், இரண்டாவது கியரில் ஏறி இறங்கினாலே கம்பி எல்லாக் கோணத்திலும் வேலை செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. சாய்வு குறைந்ததால் வண்டி இன்னும் வேகமாகப் போகலாம் என்று தோன்றும். பின்னால் இருப்பது அதே ஸ்விங் ஆக்ஸில். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே போனதும் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடியே எடுக்க வேண்டும். பாதி வளைவில் பயந்து காலை எடுத்தாலோ பிரேக்கை மிதித்தாலோ பின்பக்கம் எழும்பி சக்கரம் மடங்கும். முன்பக்க பார் அந்த எல்லையைத் தள்ளி வைக்கிறது, அழிப்பதில்லை.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள், பிறகு ஐந்நூறில் ஒருமுறை. இறுக்கிய நட்டுகளில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், கோடு விலகியிருக்கிறதா என்று டார்ச் அடித்தே பார்த்துவிடலாம்.

பழைய பாரும் ஆர்.சி.யும்

கழற்றிய பழைய கம்பியை எடைக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, நட்டு போல்ட்டோடு ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவு கேட்கலாம். சேஸ், உடம்பு, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்ற சட்டமும் இருக்கிறது. போல்ட்டில் மாட்டி, போல்ட்டிலேயே கழற்றக்கூடிய கிட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். எஃப்.சி.க்குப் போகும் முன் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு

அம்பாசடரின் அடியில் படுத்துப் பார்த்தால் முன்பக்கம் இரண்டு தடித்த கம்பிகள் நெடுக்காகப் பின்னோக்கி ஓடும். அவை டார்ஷன் பார்கள், வண்டியின் முன் எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கே அவைதான். ஸ்வே பார் என்று நினைத்து அவற்றில் ஸ்பானர் வைத்துவிடாதீர்கள். எடையோடு முறுக்கியிருக்கும் கம்பி அது. ஸ்வே பார் எப்போதும் வண்டிக்குக் குறுக்கே ஓடும்.

பத்மினி இத்தாலிய வழி வந்தது, ஸ்பானரெல்லாம் மில்லிமீட்டர். கிட் தேடும் முன், கம்பெனி போட்ட பார் ஏற்கெனவே இருக்கிறதா என்று அடியில் பாருங்கள். இருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

துளை போட்டு மாட்டுகிற கிட் என்றால், பெட்டி போல் மூடிய சேஸ் சட்டத்தில் வெறும் போல்ட்டைச் செருகி இறுக்கக் கூடாது, சட்டம் நசுங்கும். துளைக்குள் போல்ட்டைச் சுற்றி ஒரு இரும்புக்குழாய் வைத்து, இரு முனையும் சட்டத்தின் இரு சுவரையும் தாங்கும்படி லேத்தில் நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். தகட்டுப் பக்கத்தில் மூன்று மில்லி தடிமனான பட்டை ஒன்று கொடுத்து விசையைப் பரப்புங்கள். துளையைச் சின்ன டிரில்லில் தொடங்கி படிப்படியாகப் பெரிதாக்கி, பிசிறை அரத்தால் எடுத்து, பளிச்சென்று தெரியும் வெறும் இரும்பு முழுவதும் பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு போல்ட்டைப் போடுங்கள்.